பேரிக்காயும் பாலாடைக்கட்டியும்: ஒரு பழமொழியின் வேதியியல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

'பழம் நழுவிப் பாலில் விழுந்தது' என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒரு நன்மையின்மேல் இன்னொரு நன்மை தானே வந்து சேர்வதை நம் முன்னோர் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி வைத்தனர். பழம் யாருடையது, பால் யாருடையது என்ற கேள்வியே இதில் எழுவதில்லை. இத்தாலி நாட்டிலும் பழத்தையும் பாற்பொருளையும் இணைத்து ஒரு பழமொழி வழங்குகிறது. பாலாடைக்கட்டியைப் பேரிக்காயோடு சேர்த்து உண்டால் எவ்வளவு சுவை என்பதை உழவனுக்கு மட்டும் தெரியவிடாதே என்பது அதன் கருத்து.

இரண்டு பழமொழிகளும் பேசுவது ஏறத்தாழ ஒரே சுவையைப் பற்றித்தான். ஆனால் ஒன்று மகிழ்கிறது, மற்றொன்று மறைக்கிறது. மறைக்கப்பட்ட அந்தச் சுவை எது, அது எவ்வாறு பிறக்கிறது, அதனை நம் வீட்டு அடுப்பிலேயே ஆக்கிக்கொள்வது எங்ஙனம் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லூரி மலரில் சமையற் குறிப்புக்கு என்ன வேலை என்று நண்பர் சிலர் எண்ணக்கூடும். அடுப்பங்கரையும் ஓர் ஆய்வுக்கூடமே. அங்கும் அளவு உண்டு, வெப்பநிலை உண்டு, வினை உண்டு, விளைபொருள் உண்டு. இல்லாதது சமன்பாடு எழுதும் கரும்பலகை ஒன்றுதான்.

உழவனுக்குத் தெரியக் கூடாத சுவை

கூழ்மங்கள் பற்றிய பாடத்தின்போது எங்கள் பேராசிரியர் பாலை எடுத்துக்காட்டாகக் கூறிவிட்டு, பேச்சோடு பேச்சாக இந்த இத்தாலியப் பழமொழியைச் சொன்னார். வகுப்பே சிரித்தது. எனக்கு அது சிரித்து மறந்துவிடும் செய்தியாகப் படவில்லை. என் பாட்டனார் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். என் பெற்றோர் இரண்டு பசுக்களை வைத்துக்கொண்டு நாள்தோறும் விடியற்காலையில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுபவர்கள். நான் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் சேர்ந்தவன். பழமொழி குறிப்பிடும் அந்த உழவன் யார் என்று எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்பழமொழியில் ஒரு பெரும் புதிர் உண்டு. பாலாடைக்கட்டியைச் செய்பவனே உழவன். பேரி மரத்துக்கு நீர் பாய்ச்சிக் காய் பறிப்பவனும் அவனே. இரண்டும் அவன் கையில் இருக்கும்போது அவனிடமிருந்து மறைப்பதற்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, பொலோனியாப் பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியர் மாசிமோ மொந்தனாரி 2008-ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். ஒரு பழமொழிக்கு ஒரு நூல்!

இடைக்கால ஐரோப்பாவில் பாலாடைக்கட்டி ஏழையின் உணவாகவே கருதப்பட்டது. ஆடு மேய்ப்பவனும் ஏர் பிடிப்பவனும் இறைச்சிக்கு மாற்றாக அதைத் தின்றனர். பேரிப்பழமோ செல்வரின் கனி. பழுத்தால் ஓரிரு நாள்களில் அழுகிவிடும் தன்மை அதற்கு உண்டு. வயிறு நிறைவதற்காக உண்பவன், சேமித்து வைக்கக்கூடிய தானியத்தையே நாடுவான். விரைவில் அழியும் பொருளை விரும்பி வளர்ப்பது வசதி உடையவர்க்கே இயலும். பிளாரன்சை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி, பார்த்தோலோமியோ பிம்பி என்னும் ஓவியரைக் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட பேரி வகைகளை ஒரே ஓவியத்தில் தீட்டச் செய்தார் என்றால் அக்கனிக்கு அரண்மனையில் இருந்த மதிப்பு விளங்கும்.

ஏழையின் கட்டி செல்வரின் மேசைக்கு எப்படி ஏறியது? அதற்கு அக்கால மருத்துவம் துணை செய்தது. நம் நாட்டில் உணவைச் சூடு, குளிர்ச்சி என்று பிரிப்பதுபோல அவர்களும் பிரித்தனர். பேரி குளிர்ச்சியானது, செரிக்கக் கடினமானது. உணவின் முடிவில் உண்ணும் பாலாடைக்கட்டி வயிற்றின் வாயை மூடிச் செரிமானத்துக்கு உதவும் என்று மருத்துவர்கள் நம்பினர். 1477-இல் பந்தலியோனே தா கோன்பியென்சா என்ற மருத்துவர் பாற்பொருள்களைப் பற்றி மட்டுமே ஒரு தனி நூல் எழுதி வெளியிட்டார். இவ்வாறு மெல்ல மெல்லக் கட்டிக்கு மதிப்பு ஏறியது. கனியோடு அதற்கு உறவும் ஏற்பட்டது.

உறவு ஏற்பட்டபின் அச்சம் வந்தது. இத்தாலியின் பல பகுதிகளில் 'மெத்சாத்ரியா' என்னும் முறை வழங்கிற்று. நிலக்கிழாரின் நிலத்தை உழவன் பயிரிட்டு விளைச்சலில் பாதியைக் கொடுத்துவிட வேண்டும். நம் வாரச் சாகுபடியைப் போன்றது அது. இவ்வகைப் புதிய ஒப்பந்தங்களை 1964-இல்தான் இத்தாலி சட்டமியற்றித் தடுத்தது. கட்டியும் கனியும் சேர்ந்தால் எவ்வளவு சுவை என்று உழவன் அறிந்துகொண்டால் நல்ல பழங்களை அவனே உண்டுவிடுவான். எசமானின் கூடைக்கு வருவது குறையும். இது பொருளாதாரக் கணக்கு. சுவை அறிந்து உண்பது மேலோர்க்கு மட்டுமே உரியது, ஏழைக்கு நாக்கு எதற்கு என்ற எண்ணம் இதற்கும் அடியில் இருந்தது. ஆக, மறைக்கப்பட்டது பழமும் அன்று, கட்டியும் அன்று. இரண்டையும் சேர்க்கும் அறிவே மறைக்கப்பட்டது.

அந்த அறிவை இனி ஒவ்வொன்றாகப் பிரித்துக் காண்போம்.

பால் கட்டியாவது எப்படி?

ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 33 கிராம் புரதம் இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். கேசீன் மூலக்கூறுகள் தனித்தனியே நிற்பதில்லை. கால்சியம் பாஸ்பேட்டின் துணையோடு ஆயிரக்கணக்கில் கூடி நுண்ணிய உருண்டைகளாகப் பாலில் மிதக்கின்றன. ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் கூறுகளாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே இவ்வுருண்டையின் விட்டம். இவையும் கொழுப்புத் துளிகளும் ஒளியைச் சிதறடிப்பதால்தான் பால் வெண்மையாகத் தோன்றுகிறது. நாம் படித்த டிண்டால் விளைவு பால் செம்பிலேயே இருக்கிறது.

உருண்டைகளின் மேற்பரப்பில் கப்பா கேசீன் என்ற புரதம் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட இம்மயிர்கள் ஒன்றையொன்று விலக்குவதால் உருண்டைகள் ஒட்டிக்கொள்வதில்லை. பாலைக் கட்டியாக்க வேண்டுமானால் இந்த விலக்கத்தை உடைக்க வேண்டும். அதற்கு இரு வழிகள் உள்ளன.

முதல் வழி, அமிலம். பாலின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 6.6. அது 4.6-ஐ நெருங்கும்போது கேசீனின் நிகர மின்னூட்டம் சுழியாகிறது. விலக்கம் அற்றுப்போய் உருண்டைகள் திரள்கின்றன. வீட்டில் பால் திரிவதும் தயிர் உறைவதும் இவ்வழியே. பாலை நன்கு காய்ச்சி எலுமிச்சைச் சாறு விட்டால், சூட்டின் உதவியால் இவ்வளவு அமிலம்கூடத் தேவைப்படாமல் திரண்டுவிடும். அதுவே பனீர்.

இரண்டாம் வழி, நொதி. கன்றின் இரைப்பையில் சுரக்கும் கைமோசின் என்னும் நொதி, கப்பா கேசீனின் மயிரைக் கத்தரித்துவிடுகிறது. மொட்டையான உருண்டைகள் கால்சியத்தின் வழியே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலைபோல் ஆகின்றன. ஐரோப்பியப் பாலாடைக்கட்டிகள் பெரும்பாலும் இவ்வகையே. இன்று இந்நொதியை நுண்ணுயிர்களைக் கொண்டே தயாரித்துக்கொள்கின்றனர்.

உருகுவதும் உருகாததும்

இரண்டு வழிகளும் பாலைத்தான் கட்டியாக்குகின்றன. ஆயினும் அடுப்பில் வைத்தவுடன் அவற்றின் குணம் வேறுபட்டுவிடுகிறது. ஒன்று மெழுகுபோல் உருகி ஓடும். மற்றொன்று கல்லில் பொன்னிறமாகச் சிவக்குமே தவிர உருகாது. பலருக்கும் ஐயம் தரும் இடம் இதுவே.

நொதியால் உறைந்து, ஓரளவு புளித்து, பி.எச். 5-க்குச் சற்று மேல் நிற்கும் கட்டியில் கால்சியத்தின் ஒரு பகுதி கரைந்து வெளியேறி, ஒரு பகுதி மட்டும் தங்கியிருக்கும். அந்த வலை நெகிழ்வானது. சூடேற்றினால் முதலில் 40 டிகிரி செல்சியசுக்குள் கொழுப்பு உருகும். மேலும் சூடேறினால் புரத வலையும் தளர்ந்து வழியத் தொடங்கும். இது உருகும் இனம்.

கொதிக்கும் பாலில் அமிலம் விட்டுத் திரித்த பனீரின் கதை வேறு. பாலைக் காய்ச்சும்போதே மோர்ப்புரதங்கள் உருக்குலைந்து கேசீனோடு பிணைந்துவிடுகின்றன. அமிலமும் சேர்ந்தவுடன் புரதங்கள் நெருங்கி இறுகிப்போகின்றன. இனிச் சூடேற்றினால் நீர் வெளியேறி இன்னும் இறுகுமே தவிர வழியாது. சைப்ரஸ் தீவின் ஹலூமி என்ற கட்டியும் உருகாத இனமே. அது நொதியால் உறைந்ததாயினும், புளிக்கவிடாமல், சூடான மோர்நீரிலேயே வேகவைத்து எடுப்பதால் அக்குணம் பெறுகிறது. சைப்ரஸ் மக்கள் அதனைக் கோடையில் தர்ப்பூசணியோடு உண்கின்றனர். கட்டியும் கனியும் சேரும் வழக்கம் இத்தாலிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது ஒரு சான்று.

நம் கடைகளில் சீஸ் என்ற பெயரில் சிறு கட்டிகளாக விற்பது பெரும்பாலும் பதப்படுத்தப்பட்ட வகை. அதில் சோடியம் சிட்ரேட்டு அல்லது பாஸ்பேட்டு உப்புகள் சேர்க்கப்படுகின்றன. அவை கால்சியத்தைத் தம்பால் இழுத்துக்கொள்வதால் புரதம் விடுபட்டுக் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. 1911-இல் சுவிட்சர்லாந்தில் கண்டறியப்பட்ட முறை இது. அதனால் அந்தக் கட்டி எண்ணெய் பிரியாமல் சீராக உருகுகிறது.

உப்பும் இனிப்பும் சந்திக்கும் இடம்

கட்டியில் உப்பு இருக்கிறது. பேரியில் இனிப்பு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகத் தின்றால் ஒன்றையொன்று கெடுக்க வேண்டுமல்லவா? ஏன் கெடுப்பதில்லை?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பிரெஸ்லின், போஷாம் என்னும் இருவர் 1997-இல் இதற்கு ஒரு விடை அளித்தனர். உப்பு கசப்பை அடக்குகிறது. கசப்பு அடங்கியதும் அதனால் அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலெழுகிறது. அதாவது உப்பு இனிப்பை உண்டாக்குவதில்லை; அதன்மேல் கிடந்த மூடியை எடுத்துவிடுகிறது. பேரிக்காயின் தோலை ஒட்டிய துவர்ப்பும் இலேசான கசப்பும் கட்டியின் உப்பினால் தணிய, கனி தன் அளவுக்கும் மேலாக இனிக்கிறது.

இனிப்பு, உப்பு இவற்றோடு மூன்றாவது சுவை ஒன்றும் உண்டு. 1908-இல் சப்பானிய வேதியியலர் கிகுனாயே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டாமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். கட்டி நாட்பட முதிரும்போது புரதங்கள் சிதைந்து அமினோ அமிலங்களாகின்றன. நன்கு முதிர்ந்த பார்மிசான் கட்டியில் 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கும் மேலாகத் தனிக் குளுட்டாமேட்டு இருக்கிறது. பழத்தில் இல்லாத இந்த நிறைவான சுவையைக் கட்டி தருகிறது. கட்டியில் இல்லாத புளிப்பையும் சாற்றையும் பழம் தருகிறது.

மணத்திலும் உறவு உண்டு. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்ட்டர் உண்டாவதை நாம் முதலாண்டிலேயே சோதனைக் குழாயில் செய்து முகர்ந்திருக்கிறோம். பேரியின் மணத்துக்குக் காரணம் ஹெக்சைல் அசிட்டேட்டு முதலிய எஸ்ட்டர்களே. முதிர்ந்த கட்டிகளிலும் எத்தில் பியூட்டிரேட்டு போன்ற பழ மணமுள்ள எஸ்ட்டர்கள் உண்டு. மரத்தில் விளைந்ததும் மடியில் சுரந்ததும் மணத்தால் உறவினர் ஆகின்றன!

சூடு எதற்கு?

பழைய வழக்கப்படி இத்தாலியர் பேரியையும் கட்டியையும் பச்சையாகவே, விருந்தின் முடிவில் உண்டனர். இக்காலத்தில் இரண்டையும் சூடாக்கி, விருந்தின் தொடக்கத்தில், பசியைத் தூண்டும் சிற்றுண்டியாகப் பரிமாறுவதும் பெருகியுள்ளது. சூட்டினால் விளையும் நன்மைகள் மூன்று.

முதலாவது, நாக்கின் இயல்பு. இனிப்பை உணரும் உயிரணுக்களில் உள்ள ஓர் அயனி வாயில் 15 முதல் 35 டிகிரி வரை வெப்பம் ஏற ஏற மிகுதியாகத் திறக்கிறது என்று 2005-இல் ஆய்வாளர் கண்டனர். குளிர்ந்த பாயசத்தைவிட வெதுவெதுப்பான பாயசம் கூடுதலாக இனிப்பது இதனால்தான்.

இரண்டாவது, பழத்தின் மாற்றம். பேரியின் உயிரணுச் சுவர்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் வெப்பத்தால் கரைய, கடினமான காயும் மென்மையாகிறது. பேரியைக் கடிக்கும்போது மணல்போல் நறநறப்பது கல்லணுக்கள் என்னும் தடித்த உயிரணுக்களால். அவை வெந்தாலும் கரையா. ஆனால் சுற்றியுள்ள சதை குழைவதால் உறுத்தல் குறையும்.

மூன்றாவது, நிறமும் மணமும். பழத்துண்டின் உட்புறம் நீருள்ளவரை 100 டிகிரியைத் தாண்டாது. கல்லைத் தொடும் பரப்பு மட்டும் காய்ந்து 140 டிகிரிக்கு மேல் செல்லும். அங்கே சர்க்கரையும் அமினோ அமிலமும் வினைபுரிந்து பொன்னிறமும் வறுத்த மணமும் தோன்றுகின்றன. 1912-இல் பிரெஞ்சு அறிஞர் மயார் விளக்கிய வினை இது. நம் தோசையின் முறுகலும் இதே வினையின் குழந்தை.

செய்முறை ஒன்று: இத்தாலிய முறை

முதலில் அந்நாட்டார் செய்யும் முறையைக் கூறுகிறேன். பழுத்தும் கெட்டியாக உள்ள மூன்று பேரிகளை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, விதைப் பகுதியைக் கரண்டியால் குடைந்து எடுக்க வேண்டும். வெட்டிய பரப்பு பழுப்பாகாமல் இருக்க எலுமிச்சைச் சாறு தடவலாம். அமிலமும் வைட்டமின் சி-யும் பழுப்பாக்கும் நொதியின் வேலையைத் தடுத்துவிடும். குடைந்த குழியில் 100 கிராம் கோர்கொன்சோலா கட்டியை உதிர்த்து நிரப்பி, மேலே ஒரு கைப்பிடி அக்ரூட் பருப்பை நொறுக்கித் தூவ வேண்டும். 190 டிகிரி வெப்பமுள்ள அடுமனை அடுப்பில் 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுத்து, தேனும் மிளகுப் பொடியும் விட்டுச் சூடாகப் பரிமாறுவர்.

கோர்கொன்சோலா என்பது மிலான் நகரை அடுத்த ஓர் ஊரின் பெயர். அக்கட்டியினுள் நீலப் பூஞ்சணம் நரம்புபோல் ஓடும். அப்பூஞ்சணம் கொழுப்பைச் சிதைத்து உண்டாக்கும் கீட்டோன்களே அதன் கார மணத்துக்குக் காரணம்.

செய்முறை இரண்டு: தோசைக்கல் முறை

அடுமனை அடுப்பும் கோர்கொன்சோலாவும் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இல்லை. ஆனால் பேரிக்காய் நமக்குப் புதிதன்று. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளைந்து, ஆடி, ஆவணி மாதங்களில் எங்கள் பக்கத்துச் சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் கூடை கூடையாக வந்து குவிகிறது. பச்சையாகத் தின்னச் சற்றுக் கடினமான அந்த நாட்டுப் பேரி, சூடாக்குவதற்கு மிகவும் ஏற்றது, குழைந்து போகாது. பாலோ நாள்தோறும் கிடைக்கிறது. ஆகவே கீழ்க்காணும் முறையைக் கையாளலாம். ஆறு பேர் உண்ணலாம்.

தேவையானவை: கொழுப்பு நீக்காத பால் ஒரு லிட்டர், பெரிய எலுமிச்சம்பழம் ஒன்று, பேரிக்காய் இரண்டு, உப்பு முக்கால் தேக்கரண்டி, நெய் இரண்டு தேக்கரண்டி, கருப்பட்டி ஓர் எலுமிச்சை அளவு, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை ஒரு கைப்பிடி, மிளகு பத்து.

பாலைக் கொதிக்க வைத்து இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு நீர் கலந்து, சிறிது சிறிதாக விட்டு மெல்லக் கிளற வேண்டும். பால் திரண்டு, இளம்பச்சை நிறத்தில் தெளிந்த நீர் பிரிந்தவுடன் சாற்றை நிறுத்திவிட வேண்டும். மேலும் விட்டால் கட்டி புளித்துப்போகும். மெல்லிய துணியில் வடித்து, ஒரு முறை தண்ணீர் விட்டு அலசி, உப்பைப் பிசறி, துணியோடு முடிந்து, அம்மிக் குழவியையோ நீர் நிறைந்த குடத்தையோ மேலே ஏற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். பசும்பாலானால் 150 கிராம் அளவுக்கும், எருமைப்பாலானால் அதனினும் சற்று மிகுதியாகவும் கட்டி கிடைக்கும். வடிந்த நீரைக் கொட்டிவிடாமல் சப்பாத்தி மாவு பிசையப் பயன்படுத்தலாம். அதில் பாற்சர்க்கரையும் சிறிது புரதமும் இருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கட்டி முதிராதது, குளுட்டாமேட்டு மிகுதியாக இதில் இராது. எனவே உப்பை மறந்தால் எல்லாம் சப்பென்று ஆகிவிடும். இத்தாலியக் கட்டியில் முதிர்ச்சி செய்யும் வேலையின் ஒரு பகுதியை இங்கே உப்பும், வறுத்த நிலக்கடலையும், கல்லில் சிவக்கும் மேற்பரப்பும் செய்ய வேண்டியுள்ளது.

கருப்பட்டியைக் கால் டம்ளர் நீரில் கரைத்து வடிகட்டி, கம்பிப் பதத்துக்குச் சற்று முன்பே இறக்கிக்கொள்ள வேண்டும். பேரியைத் தோலோடு அரை விரற்கடை தடிப்பில் வில்லைகளாக அரிய வேண்டும். தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டு, வில்லைகளைப் பரப்பி, மூடி போட்டு இரண்டு நிமிடம் வைத்தால் ஆவியில் வேகும். பிறகு மூடியை எடுத்துவிட்டு இருபுறமும் சிவக்க விட வேண்டும். மூடியோடே சிவக்க வைக்க முயல்வது வீண். நீராவி உள்ளவரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது என்பதை முன்னரே கண்டோம். பேரியை எடுத்துவிட்டு, மீதி நெய்யில் கட்டியின் துண்டுகளை இருபுறமும் பொன்னிறமாக்க வேண்டும்.

ஒவ்வொரு பேரி வில்லையின் மேலும் ஒரு கட்டித் துண்டை வைத்து, பாகை இலேசாக ஊற்றி, நொறுக்கிய நிலக்கடலையையும் இடித்த மிளகையும் தூவி உடனே பரிமாற வேண்டும். ஆறவிட்டால் பனீர் இறுகும், பாகும் பிசினாகும். பனீருக்கு மாற்றாகக் கடைச் சீஸை வைத்தால் கல்லில் நேரே போடாமல், சூடான பேரியின்மேல் வைத்து அரை நிமிடம் மூடினாலே உருகிவிடும். அதில் ஏற்கெனவே உப்பு உண்டு; தனியே சேர்க்க வேண்டாம்.

பழமொழியின் மறுபாதி

சென்ற ஆவணியில் ஊருக்குச் சென்றபோது இதனை எங்கள் வீட்டில் செய்தேன். எங்கள் பசுவின் பால். சந்தையில் வாங்கிய கொடைக்கானல் பேரி. தட்டில் வைத்து அம்மாவிடம் கொடுத்து, கேசீன், கைமோசின், உமாமி என்று நான் விளக்கத் தொடங்கினேன். ஒரு துண்டை வாயில் போட்டு மென்ற அம்மா, "ஏய்யா, கொய்யாப்பழத்துக்கு உப்பு வச்சுத் திங்கிறதும், அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் வச்சுத் திங்கிறதும் இதேதானே!" என்றார்.

எண்ணிப் பார்த்தால் முற்றிலும் உண்மை. சூடான அடை, அதன் உப்பு, உறைப்பு. மேலே வெல்லத்தின் இனிப்பு, உருகும் வெண்ணெய். இத்தாலியத் தட்டில் உள்ள இலக்கணம் அப்படியே நம் தட்டிலும் இருக்கிறது. சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் ஒரு சிட்டிகை உப்புப் போடும் பெண்கள் 1997-ஆம் ஆண்டு ஆய்வுக்காகக் காத்திருக்கவில்லை. கன்று ஈன்ற பசுவின் சீம்பாலைக் கருப்பட்டியும் ஏலமும் சேர்த்து ஆவியில் வேகவைத்து, கட்டியாக வெட்டித் தெருவுக்கெல்லாம் கொடுப்பது மாடு வைத்திருப்போர் வழக்கம். அமிலமும் இன்றி, நொதியும் இன்றி, சீம்பாலில் மிகுந்துள்ள மோர்ப்புரதங்கள் வெப்பத்தாலேயே உறைந்து உண்டாகும் கட்டி அது.

இத்தாலியப் பழமொழிக்கும் ஒரு மறுபாதி உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். உழவன் முட்டாள் அல்லன். எசமானுக்கு முன்பே அவனுக்கு அது தெரியும் என்று பதில் உரைக்கும் அடி ஒன்றும் அங்கே வழங்குகிறது. மேல்மாடத்தில் சொல்லப்பட்ட பழமொழிக்குக் களத்துமேட்டிலிருந்து எழுந்த விடை அது. என் அம்மாவின் விடையும் அதுவே.

அப்படியானால் உழவன் மகனுக்குக் கல்லூரி தரும் அறிவு எதற்கு என்று கேட்கலாம். சுவை தெரிவது வேறு. அதன் காரணம் தெரிவது வேறு. கந்தக அமிலத்தை நான் முதன்முதலில் கண்டது கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அன்று. எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் கண்டேன். அமிலத்தையும் அமைல் ஆல்கஹாலையும் பாலோடு குழாயில் இட்டுச் சுழற்றிக் கொழுப்பை அளப்பார்கள். அந்த எண்ணைக் கொண்டுதான் எங்கள் வீட்டுப் பாலுக்கு விலை குறிக்கப்பட்டது. அமிலம் புரதத்தைக் கரைத்துக் கொழுப்பை விடுவிக்கிறது, ஆல்கஹால் கொழுப்பு தெளிவாகப் பிரிய உதவுகிறது என்பதை அன்று நானும் அறியேன், வரிசையில் பாத்திரத்தோடு நின்ற எவரும் அறியார். எழுதிய எண்ணை ஏற்றுக்கொண்டு திரும்பினோம். இன்று அந்தக் குழாயில் நடப்பதை என்னால் என் தந்தைக்கு விளக்க முடிகிறது. அளவில் ஐயம் தோன்றினால் இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள் என்று கேட்கும் துணிவு அவருக்கு வந்திருக்கிறது. ஒரு லிட்டர் பால் பாலாகப் போனால் என்ன விலை, கட்டியாகப் போனால் என்ன விலை என்றும் அவர் இப்போது கணக்குப் போடுகிறார்.

உழவனுக்குத் தெரியவிடாதே என்று சொன்னவர்கள் நாவின் சுவையைப் பற்றி மட்டும் அஞ்சியிருக்க மாட்டார்கள். தன் கையால் விளைந்த பொருளின் முழு மதிப்பையும் அவன் அறிந்துவிட்டால் அடுத்து என்ன கேட்பான் என்பதே அவர்களுடைய உண்மையான அச்சம் என்பது என் துணிபு.

நண்பர்களே, ஆடி மாதம் பேரி வரும். ஒரு லிட்டர் பாலும் ஒரு எலுமிச்சம்பழமும் எங்கும் கிடைக்கும். செய்து பாருங்கள், செய்வதோடு நில்லாமல், பால் கறந்தவருக்கும் பழம் பறித்தவருக்கும் முதல் துண்டைக் கொடுத்து, அது ஏன் சுவைக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.